எலி தூங்குகிறதா, சும்மா கிடக்கிறதா?

என் அண்ணன் மகள் சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகம் பக்கம் ஓர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோ பாயோவில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவளிடம் அம்மா கேட்டார்.

“அங்க என்னம்மா வேலை உனக்கு?”

“சுண்டெலியத் தூங்க வெக்கிற வேலை பாட்டி. அது தூங்கும்போது அதோட மூளையப் படம் எடுப்போம்.”

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். “அது நெசமாவே தூங்குதா, சும்மா கெடக்குதான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

ஆறு பேரப்பிள்ளைகளை மடியில் போட்டுத் தூங்க வைத்தவர் என் அம்மா. பாசாங்காகக் கண்ணை மூடியிருக்கும் பிள்ளையை இமைத் துடிப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார். அவர் கேட்ட கேள்வியைத்தான் தூக்க ஆராய்ச்சியாளர்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அண்ணன் மகள் சொன்னாள். அன்று சாப்பாட்டு மேசையில் தொடங்கிய பேச்சு பல ஞாயிறுகள் நீண்டது. நான் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் துணைப்பாடம் எடுப்பவள். அவள் சொன்னதையும் அதன்பிறகு நான் தேடிப் படித்ததையும், இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தூக்கத்துக்கு அடையாளம் எது?

1929இல் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர், மனிதத் தலையின் மேல் மின்முனைகளை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ததாக வெளியிட்டார். இதைத்தான் இன்று இஇஜி என்கிறோம். விழித்திருக்கும்போது அலைகள் சிறியவை, வேகமானவை, ஒழுங்கற்றவை. ஆழ்ந்து தூங்கும்போது பெரிய, மெதுவான அலைகள் வரும். விநாடிக்கு ஒன்று முதல் நான்கு வரை. பல லட்சம் நரம்பணுக்கள் சேர்ந்து அடங்கி, சேர்ந்து எழுவதால்தான் அலை அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால் விஷயம் சுலபம். ஆனால் 1953இல் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியல் கிளைட்மனும் இன்னொன்றைக் கண்டார்கள். தூங்குபவரின் கண்கள் மூடிய இமைக்குள் அவ்வப்போது வேகமாக அங்குமிங்கும் ஓடுகின்றன. அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலும் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘ரெம்’ தூக்கம் என்று பெயர் வந்தது. மற்றத் தூக்கம் ‘நான்-ரெம்’.

பிரான்சின் லியோன் நகரில் மிஷல் ஜுவே பூனைகளிடம் இதை ஆராய்ந்தார். ரெம் நேரத்தில் பூனையின் மூளை அலைகள் விழித்திருக்கும் பூனையின் அலைகளைப் போலவே இருந்தன. கழுத்துத் தசை மட்டும் துளிக்கூட இறுக்கமில்லாமல் தளர்ந்து கிடந்தது. மூளை விழித்தது போல, உடல் செத்தது போல. 1959இல் அவர் இதற்கு ‘முரண் தூக்கம்’ என்று பெயரிட்டார்.

ஆகவே மூளை அலை மட்டும் போதாது, தசையையும் கேட்க வேண்டும். சுண்டெலியின் மண்டையோட்டில் நுண்ணிய திருகாணிகள், கழுத்துத் தசையில் மெல்லிய கம்பிகள். இரண்டிலிருந்தும் வரும் பதிவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முத்திரை குத்துவார்கள். அலை சிறிது, தசையில் அசைவு இருக்கிறது என்றால் விழிப்பு. அலை பெரிது, மெதுவானது, தசை அமைதி என்றால் நான்-ரெம். விநாடிக்கு ஆறிலிருந்து ஒன்பது வரை சீராகத் துடிக்கும் அலை, தசையில் ஒன்றுமே இல்லை என்றால் ரெம். மீசையோ பாதமோ அவ்வப்போது வெட்டி இழுத்தால் இன்னும் உறுதி.

சுண்டெலி நம்மைப் போல ஒரே நீட்டாகத் தூங்குவதில்லை. ஒரு நாளில் ஏறக்குறைய 12 மணி நேரம் தூங்கும், எல்லாம் சில நிமிடத் துண்டுகள். அதிலும் பெரும்பகுதி பகலில். அண்ணன் மகளின் ஆய்வகத்தில் காலை 7 மணிக்கு விளக்கு எரியும், இரவு 7 மணிக்கு அணையும். உலகம் முழுவதும் ஆய்வக எலிகளுக்கு இந்தப் பன்னிரண்டு மணிக் கணக்குதான் வழக்கம். குளிர்நாடுகளில் இது செயற்கையான நாள். நம் ஊரிலோ வெளியே சூரியனும் வருஷம் முழுக்க ஏறக்குறைய அதே நேரத்துக்குத்தான் வந்து போகிறது. இதை அவள் சொன்னபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

பிறகு படம் எதற்கு?

இஇஜி இருக்கும்போது மூளையை ஏன் படம் எடுக்க வேண்டும்? என் மாணவர்களும் இதைக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

இரவு 2 மணிக்கு நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று காதைத் தீட்டிக் கேட்டால், கட்டடம் அடங்கிவிட்டதா இல்லையா என்பது தெரியும். எந்த மாடியில், எந்த வீட்டில், யார் இன்னும் விழித்திருக்கிறார் என்பது தெரியாது. எதிர்ப் புளோக்கிலிருந்து பார்த்தால்தான் ஏழாம் மாடியில் ஒரு சமையலறை விளக்கு எரிவதும், பதினொன்றாம் மாடியில் தொலைக்காட்சி வெளிச்சம் சுவரில் ஆடுவதும் கண்ணில் படும். இஇஜி கீழ்த்தளத்துக் காது. படம் எடுப்பது எதிர்ப் புளோக்குக் கண்.

மூளை முழுவதும் ஒரே மாதிரி தூங்குவதில்லை என்பதால் அந்தக் கண் தேவைப்படுகிறது. மேற்பரப்பிலுள்ள புறணி ஒன்று செய்யும், நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் வேறொன்று செய்யும், தண்டுப்பகுதியில் இருக்கும் சில ஆயிரம் நரம்பணுக்கள் முழு மூளையையும் எழுப்பிவிடும். ஆழத்தில் நடப்பது தலைக்கு மேல் வைத்த மின்முனைக்குச் சரியாக எட்டாது.

எலியும் சுண்டெலியும் ஏன், மனிதரையே படம் எடுக்கலாமே என்றால், எடுக்கிறார்கள். நம் தேசியப் பல்கலைக்கழகத்தின் தூக்க, அறிதிறன் ஆய்வு நிலையத்தில் பேராசிரியர் மைக்கேல் சீயின் குழு பல ஆண்டுகளாக மனிதத் தூக்கத்தை ஆராய்ந்துவருகிறது. நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி 2016இல் காலை வகுப்பை 45 நிமிடம் தள்ளி 8.15க்குத் தொடங்கியபோது, பிள்ளைகள் கூடுதலாகத் தூங்கினார்களா என்று அளந்து பார்த்ததும் இவர்களே. தூங்கினார்கள், பகலில் தூக்கக் கலக்கமும் குறைந்தது. ஆனால் ஒரு பிள்ளையின் தலையில் ஜன்னல் வைத்து, தனித்தனி நரம்பணு மின்னுவதைப் பார்க்க முடியாது. அந்த அளவு உள்ளே போக வேண்டுமென்றால் விலங்குதான்.

எம்ஆர்ஐ குழாய்க்குள் ஒரு சுண்டெலி

மூளையைப் படம் எடுப்பது என்றதும் முதலில் நினைவுக்கு வருவது எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளை வேலை செய்வதைக் காட்டும் எம்ஆர்ஐ. இது பிறந்ததே எலியிடம்தான். 1990இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா, வலுவான காந்தத்துக்குள் எலியின் மூளையைப் படம் பிடித்தார். படத்தில் ரத்த நாளங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. எலிக்குத் தூய ஆக்சிஜன் கொடுத்ததும் கோடுகள் மறைந்தன. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தத்தால் லேசாக ஈர்க்கப்படும், ஆக்சிஜன் ஏந்தியது ஈர்க்கப்படாது. அந்தச் சிறு வேறுபாடு படத்தில் நிழலாக விழுந்திருந்தது.

நரம்பணுக்கள் வேலை செய்தால் அந்த இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாக வரும். படத்தில் அந்த இடம் சற்றுப் பிரகாசமாகும். ஆகவே எஃப்எம்ஆர்ஐ நேரடியாக நரம்பணுவைப் பார்ப்பதில்லை. மறுபடியும் புளோக்குக்கே வருகிறேன்: விளக்கைப் பார்க்காமல், உணவு கொண்டுவரும் மோட்டார்சைக்கிள்காரர் எந்த மாடிக்குப் போகிறார் என்று பார்த்து, அங்கே யாரோ விழித்திருக்கிறார் என்று ஊகிப்பதைப் போல. ஊகம் பெரும்பாலும் சரி. ஆனால் சாப்பாடு வந்து சேரச் சில விநாடி ஆகும். இன்னொன்றும் உண்டு. தூக்கத்தில் ரத்த நாளங்களே தனியாக ஒரு தாளத்தில் சுருங்கி விரிகின்றன. கேட்காத வீட்டுக்கும் சாப்பாடு போய்ச் சேருவது போல. இதைப் பின்னால் விளக்குகிறேன்.

முதலில் வரும் சிக்கல் எளிமையானது. எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். 100 டெசிபெலைத் தாண்டும். மருத்துவமனை இயந்திரம் 1.5 அல்லது 3 டெஸ்லா வலுவுடையது. சுண்டெலியின் மூளை ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான் என்பதால் அதற்கு 7, 9.4, 11.7 டெஸ்லா என்று வலுவான காந்தங்களைப் பயன்படுத்துகிறார்கள். குறுகிய குழாய், இடி போன்ற ஓசை, தலை ஒரு மயிரிழை அசைந்தாலும் படம் கெட்டுவிடும் என்ற கட்டாயம். அதில் போய் ஒரு பிராணி தூங்க வேண்டும்.

இதனால்தான் நெடுங்காலமாக விலங்குகளுக்கு மயக்க மருந்து கொடுத்தே படம் எடுத்தார்கள். அசையாது, பயப்படாது, வேலை முடியும். ஆனால் மயக்கம் தூக்கமில்லை. இந்த வேறுபாட்டைத்தான் புதிதாகப் படிப்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். தூங்குபவரை உலுக்கினால் எழுந்துவிடுவார், மயக்கத்தில் இருப்பவர் எழமாட்டார். தூக்கம் நான்-ரெம், ரெம், இடையிடையே சிறு விழிப்பு என்று தானாகவே சுழலும், மயக்கத்தில் அந்தச் சுழற்சி இல்லை. டெக்ஸ்மெடிடோமிடின் போன்ற சில மருந்துகள் நான்-ரெம்முக்கு நெருக்கமான அலைகளைத் தருகின்றன என்பது உண்மை. நெருக்கம் என்பதற்கு மேல் அதைக் கொண்டுபோகக் கூடாது என்பது என் கருத்து. பழைய ஆய்வுகளைப் படிக்கும்போது, ‘தூங்கும் மூளை’ என்று தலைப்பில் இருந்தாலும், விலங்குக்கு மயக்க மருந்து கொடுத்தார்களா என்று முதலில் தேடிப் பார்ப்பது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

மருந்தில்லாமல் தூங்க வைக்க ஒரே வழி, பழக்குவது. அண்ணன் மகளின் உண்மையான வேலை இதுதான். முதலில் சிறு அறுவை சிகிச்சை செய்து, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிமெண்டால் மண்டையோட்டின் மேல் ஒரு சிறு பிடியை ஒட்டுவார்கள். காயம் ஆறியபின் தினமும் சுண்டெலியைக் கையில் எடுத்துப் பழக்க வேண்டும். கையில் பழகியதும் துணியில் சுற்றுவது. துணி பழகியதும் தலைப்பிடியைத் தாங்கியில் ஐந்து நிமிடம் பொருத்துவது. மறுநாள் பத்து நிமிடம். பிறகு எம்ஆர்ஐ இரைச்சலைப் பதிவு செய்து, முதலில் மெதுவாக, நாளாக ஆகச் சத்தமாக ஒலிக்க விடுவது. நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் இது போகும். அவசரப்படுத்தினால் எலி பயந்துவிடும். பயந்த எலி தூங்காது, தூங்கினாலும் அந்தத் தூக்கம் அதன் இயல்பான தூக்கமாக இருக்காது.

“அந்த எலிக்கு உன் வாசனை தெரியுமா?” என்று அம்மா கேட்டார். தெரியும் என்றாள். ஆள் மாறினால் ஒன்றிரண்டு நாள் வீணாகும் என்பதால் விடுமுறை எடுக்கவே யோசிக்கிறாள்.

குழாய்க்குள்ளும் மூளை அலையைப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அம்மாவின் கேள்விக்குப் பதிலில்லை. சாதாரண உலோகத் திருகாணி காந்தத்துக்குள் படத்தைச் சிதைக்கும். அதனால் கார்பன் இழையால் செய்த மின்முனைகளைப் பயன்படுத்துகிறார்கள். இயந்திரம் எழுப்பும் மின் இரைச்சலைக் கணினியில் கழித்து, மிஞ்சும் அலையைப் பார்த்து முத்திரை குத்துகிறார்கள்.

வெளிச்சத்தால் பார்ப்பது

எனக்கு இந்தத் துறையில் மனம் பறிகொடுக்க வைத்தது அடுத்த முறை.

பசிபிக் கடலில் ஒரு ஜெல்லிமீன் பச்சையாக ஒளிரும். அதிலிருந்து ஒசாமு ஷிமோமுரா 1962இல் ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 2008இல் அதற்காக மற்ற இருவருடன் வேதியியல் நோபெல் பரிசு பெற்றார். நரம்பணு ஒன்று துடிக்கும்போது அதற்குள் கால்சியம் பாயும். ஜெல்லிமீன் புரதத்தோடு கால்சியத்தைப் பிடிக்கும் துண்டு ஒன்றை ஒட்டினால், கால்சியம் வரும்போது மட்டும் அது பிரகாசமாக ஒளிரும். 2001இல் ஜப்பானில் ஜுனிச்சி நகாய் குழுவினர் உருவாக்கிய இந்தப் புரதத்துக்கு ‘ஜிகேம்ப்’ என்று பெயர். சுண்டெலியின் நரம்பணுக்களே இதைத் தயாரிக்கும்படி மரபணுவை மாற்றிவிடலாம். அப்போது நரம்பணு வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் பச்சையாக மின்னும். ஏழாம் மாடிச் சமையலறை விளக்கு இப்போது நிஜமாகவே தெரிகிறது.

அதைப் பார்க்க மண்டையோட்டில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, மெல்லிய கண்ணாடியைப் பதிக்கிறார்கள். பார்க்கும் கருவி இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கி. இரண்டு ஒளித்துகள்கள் ஒரே கணத்தில் ஒரே மூலக்கூறில் போய்ச் சேர்ந்து அதை ஒளிரச் செய்ய முடியும் என்று மரியா கோப்பர்ட் மேயர் 1931இல் கணக்கில் காட்டினார். அதைப் பயன்படுத்தி 1990இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் நுண்ணோக்கி செய்தார்கள். கதிர் குவியும் புள்ளியில் மட்டுமே ஒளி எழும் என்பதால், மூளைத் திசு கலங்கிய நீர் போல இருந்தாலும் உள்ளே தெளிவாகத் தெரியும். ஆனால் வழக்கமாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழம்தான். சுண்டெலியின் புறணிக்கு அது ஓரளவு போதும், அதற்குக் கீழே போகாது.

இந்த முறையால் கிடைத்த ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். 2014இல் நியூயார்க்கில் வென்-பியாவ் கான் குழுவினர் சுண்டெலிகளைச் சுழலும் உருளை மேல் ஓடக் கற்றுக்கொடுத்தார்கள். சிலவற்றைத் தூங்க விட்டார்கள், சிலவற்றைத் தூங்க விடவில்லை. கற்ற பின் தூங்கிய எலிகளின் நரம்பணுக் கிளைகளில் புதிய நுண்முளைகள் கூடுதலாகத் தோன்றின. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடங்கள் அந்த முளைகள். தேர்வுக்கு முந்தின இரவு விடிய விடியப் படிக்கும் என் மாணவர்களிடம் இந்தச் சுண்டெலிகளைப் பற்றிச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

இதற்கு நேரெதிர் போலத் தோன்றும் முடிவும் இருக்கிறது. விஸ்கான்சினில் ஜூலியோ டோனோனியும் கியாரா சிரெல்லியும் 2017இல் வெளியிட்டது. எலக்ட்ரான் நுண்ணோக்கியால் சுண்டெலியின் 6,920 இணைப்புகளை ஒவ்வொன்றாக அளந்தார்கள். தூங்கியபின் இணைப்புகள் தொட்டுக்கொள்ளும் பரப்பு சராசரியாக 18 விழுக்காடு சுருங்கியிருந்தது. பகலெல்லாம் வீங்கிய இணைப்புகளைத் தூக்கம் இறுக்கிச் சுருக்குகிறது என்பது அவர்கள் வாதம். ஒருவர் முளைக்கிறது என்கிறார், மற்றவர் சுருங்குகிறது என்கிறார். கற்றது சார்ந்த சில கிளைகளில் முளைப்பதும், மொத்தத்தில் சுருங்குவதும் ஒரே இரவில் நடக்கலாம். இரண்டையும் பொய் என்று தள்ள வேண்டியதில்லை.

தூங்கக் கூடாதபோது தூங்கியவை

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் ட்ரூவின் குழு 2020இல் ஒன்றைக் காட்டியது. தலையைப் பொருத்தி, ‘ஓய்வில் இருக்கும் மூளை’யைப் பதிவு செய்வதற்காக வைத்த சுண்டெலிகள் அடிக்கடி தூங்கிவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எலி அசையாமல் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் தூங்கியதும் மூளையின் ரத்த நாளங்கள் விரிந்து சுருங்கும் அளவு, விழித்திருக்கும்போது காண்பதைவிடப் பல மடங்கு பெரிதாகிறது. மோட்டார்சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து போகிறார்கள்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். தூக்கத்தைக் கவனிக்காமல் எடுத்த ஓய்வுப் படங்களில் கொஞ்சம் தூக்கம் கலந்திருந்தாலும், அந்தக் கொஞ்சம் மொத்தத்தையும் விழுங்கிவிடும். மனிதரிடமும் இதே கதை. எம்ஆர்ஐ குழாயில் சும்மா படுத்திருக்கச் சொன்னவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மூன்று நிமிடத்துக்குள் தூக்கத்தில் நழுவிவிடுவதாக ஜெர்மனியில் தாக்லியாசுக்கியும் லாஃப்ஸும் 2014இல் காட்டினார்கள். ‘அது தூங்குதா?’ என்ற கேள்வி தூக்கத்தை ஆராயாதவர்களுக்கும் பொருந்தும் என்று இதைப் படித்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அம்மா இமையைப் பார்த்துக் கண்டுபிடிப்பார் என்று சொன்னேன் அல்லவா? ஜெனீவாவில் டேனியல் ஹ்யூபரின் குழு 2018இல் ஏறக்குறைய அதையே செய்தது. தலை பொருத்தப்பட்ட சுண்டெலி பெரும்பாலும் கண்ணைத் திறந்தபடியே தூங்குகிறது. ஆகவே கண்பாவையைப் படம் எடுக்கலாம். தூக்கம் ஆழமாக ஆகக் கண்பாவை சுருங்குகிறது. கண்பாவையின் அளவை வைத்தே தூக்கத்தின் நிலையை ஓரளவு படிக்கலாம். ஒரு கேமராவும் அகச்சிவப்பு விளக்கும் போதும், மண்டையோட்டைத் தொட வேண்டியதில்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை.

சத்தமில்லாத இன்னொரு முறையையும் தொட்டுவிடுகிறேன். பாரிஸில் மிக்கேல் டான்டரின் குழு 2011இல் அறிமுகப்படுத்திய செயல்சார் அல்ட்ராசவுண்ட். வயிற்றில் பிள்ளையைப் பார்க்கும் அதே ஒலி, ஆனால் மிக மிக வேகமாக எடுத்த படங்கள். மூளையின் ஆழம் வரை ரத்தப் பெருக்கைக் காட்டும், எலி நடமாடிக்கொண்டும் இருக்கலாம். 2018இல் இதைக் கொண்டு எலிகளின் ரெம் தூக்கத்தைப் பார்த்தபோது, மூளை முழுவதும் ரத்தம் அலையலையாகப் பொங்குவது தெரிந்தது. விழித்து ஓடும்போது இருப்பதைவிட அதிகம். உடல் துணியாய்த் துவண்டு கிடக்கும் நேரத்தில் மூளைக்கு அவ்வளவு ரத்தம் எதற்கு என்பதற்கு முழுமையான பதில் இன்னும் வரவில்லை.

மீனும் உண்டு. சீப்ரா மீனின் குஞ்சு கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடல் கொண்டது, மண்டையைத் திறக்காமலே முழு மூளையும் தெரியும். ஸ்டான்ஃபோர்டில் பிலிப் முர்ரேன் குழு 2019இல் அதில் இருவகைத் தூக்கத்தைக் கண்டது. ஒன்று நம் ஆழ்ந்த தூக்கத்தை ஒத்தது, மற்றது ரெம்மை நினைவூட்டுவது. நமக்கும் மீனுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது 45 கோடி ஆண்டுக்கு முன். தூக்கம் அவ்வளவு பழையதாக இருக்கலாம்.

மூளையைக் கழுவும் வழக்கு

‘தூங்கும்போது மூளை கழுவப்படுகிறது’ என்ற செய்தியை வாட்ஸ்அப்பில் பார்க்காதவர் குறைவு. அதன் வேர் ஒரு சுண்டெலிப் படம். 2013இல் ரோச்செஸ்டரில் மைக்கென் நெடர்கார்டின் குழு, இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கியின் கீழ் சுண்டெலி மூளைக்குள் சாயத்தைச் செலுத்திப் பார்த்தது. விழித்திருக்கும்போது மூளை அணுக்களுக்கு இடையிலான வெளி 14 விழுக்காடு. தூங்கும்போது, மயக்கத்திலும், 23 விழுக்காடு. விரிந்த வெளி வழியாகத் திரவம் ஓடி, அல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு புரதத்தையும் வேகமாக வெளியேற்றுகிறது என்று அவர்கள் எழுதினார்கள்.

2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நிக் ஃபிராங்ஸின் குழு வேறு விதமாக அளந்து எதிர்மாறான முடிவை வெளியிட்டது. சாயம் வெளியேறும் வேகம் தூக்கத்தில் சுமார் 30 விழுக்காடும், மயக்கத்தில் சுமார் 50 விழுக்காடும் குறைந்தது என்றார்கள். 2025 தொடக்கத்தில் நெடர்கார்டின் குழு மீண்டும் வந்தது. நான்-ரெம் தூக்கத்தில் நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருள் மெதுவாக ஏறி இறங்குவதும், அதற்கேற்ப ரத்த நாளங்கள் சுருங்கி விரிவதும்தான் திரவத்தைத் தள்ளும் பம்பு என்றது. சொல்பிடெம் என்ற தூக்க மாத்திரை கொடுத்த சுண்டெலிகளில் அந்த ஏற்ற இறக்கம் அடங்கி, திரவ ஓட்டமும் குறைந்ததாகவும் சொன்னது.

வழக்கு முடியவில்லை. எங்கே சாயத்தைச் செலுத்தினார்கள், எந்த இடத்தில் அளந்தார்கள், ஊசி குத்தியதே திசுவைக் கலைத்ததா என்று இரு பக்கமும் வாதிடுகிறார்கள். இதை வைத்து யாரும் தம் மாத்திரையை நிறுத்தவும் கூடாது, தொடங்கவும் கூடாது. அது மருத்துவரிடம் கேட்க வேண்டியது. சுண்டெலியிடம் கண்டதை அப்படியே நம் மேல் ஏற்ற முடியாது. அது சில நிமிடம் தூங்கி எழும் பிராணி, நாம் இரவு முழுக்கத் தூங்குபவர்கள்.

“வலிக்குமா?”

அம்மா அடுத்த ஞாயிறு இதைத்தான் கேட்டார். அண்ணன் மகள் மழுப்பவில்லை. அறுவை சிகிச்சை மயக்கத்தில் நடக்கும், பிறகு வலி மருந்து உண்டு. ஆய்வு முடிந்ததும் பெரும்பாலான எலிகளை வலியில்லாத முறையில் கொன்றுவிடுவார்கள்.

சிங்கப்பூரில் 2004 முதல் இதற்குச் சட்ட விதிகளும் தேசிய ஆலோசனைக் குழுவின் வழிகாட்டி நெறிகளும் இருக்கின்றன. விலங்குகளைப் பயன்படுத்தும் நிலையத்துக்கு உரிமம் வேண்டும். ஒவ்வோர் ஆய்வையும், எத்தனை விலங்கு, ஏன் அத்தனை என்பது உள்பட, நிலையத்தின் குழு ஒன்று பார்த்து அனுமதிக்க வேண்டும். 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் எழுதிய மூன்று விதிகள்தான் இதற்கு அடிப்படை: முடிந்தால் விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை. படமெடுப்பு இரண்டாவதற்கு உண்மையாகவே உதவுகிறது. முன்பெல்லாம் மூளையில் நாளுக்கு நாள் என்ன மாறுகிறது என்று பார்க்க, ஒவ்வொரு நாளுக்கும் சில எலிகளைக் கொன்று மூளையை வெட்டிப் பார்க்க வேண்டும். இன்று அதே எலியை, அதே ஜன்னல் வழியாக, வாரக்கணக்கில் பார்க்கலாம்.

இது எனக்கு முழு ஆறுதல் தரவில்லை, அவளுக்கும் தரவில்லை. தூக்கத்தில் மூச்சுத் திணறுபவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள், இரவில் தூக்கமின்றி வாசலுக்கும் அறைக்கும் நடக்கும் மறதிநோய் முதியவர்கள், இவர்களுக்கு வழி கிடைக்க வேண்டுமென்றால் இன்றைக்கு இதுதான் பாதை என்று நினைக்கிறேன். அதனாலேயே எலி பயப்படாமல் இருப்பதில் அவள் காட்டும் பொறுமையை மதிக்கிறேன். பயந்த எலியிடம் பெற்ற படம் அறிவியலுக்கும் உதவாது.

போன வாரம், ஒரு புதன்கிழமை மத்தியானம், பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து குறுஞ்செய்தி. பதினொரு நாள் பழக்கிய ஒரு சுண்டெலி, குழாய்க்குள், முழு இரைச்சலில் தூங்கியிருக்கிறது. முதலில் கண்பாவை சுருங்கியது, பெரிய அலைகள் வந்தன, பிறகு கழுத்துத் தசையின் கோடு தட்டையானது, மீசை ஒருமுறை துடித்தது. ‘நாற்பது விநாடி ரெம், அத்தை. அதுக்கப்புறம் முழிச்சிருச்சு.’

சாயங்காலம் அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “பாவம், யாராவது கதவ சாத்தியிருப்பாங்க,” என்றார்.